சஹேல் நிலத்துக்கு எந்த வேலமரம்?

சஹாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரமாக, மேற்கே செனகலில் தொடங்கி மாலி, நைஜர், சாட் வழியாகச் சூடான் வரை நீண்டு கிடக்கிறது சஹேல். அங்கே ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு ஹெக்டேர் மானாவாரி நிலம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஜூன் வாக்கில் மழை இறங்கும், செப்டம்பர் முடிவதற்குள் ஓய்ந்துவிடும். அந்த நாலு மாதத்துக்குள் கம்பும் சோளமும் தட்டைப்பயறும் விளைந்தாக வேண்டும். மிச்சம் எட்டு மாதமும் வெயிலும் புழுதிக்காற்றும்தான். வீட்டில் சில ஆடுகள் உண்டு. உரம் வாங்கக் கையில் காசு இருக்காது. இந்தக் குடும்பம் தன் நிலத்தில் மரம் வளர்க்க நினைத்தால் எதை வளர்ப்பது?

ஆப்பிரிக்கப் புல்வெளிப் படங்களில் வரும் அந்தத் தட்டைத்தலை முள்மரத்தை நாம் பொதுவாக "அகாசியா" என்று சொல்லிவிடுகிறோம். நம் வேலமரங்களின் கூட்டம்தான் அது. அந்தப் பெயருக்குள் ஆப்பிரிக்காவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியிருந்தன. 2005இல் வியன்னாவிலும் 2011இல் மெல்போர்னிலும் கூடிய தாவரவியல் மாநாடுகளின் முடிவுப்படி அகாசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்க மரங்களில் பெரும்பாலானவை இப்போது வசெல்லியா, செனகாலியா என்ற பெயர்களில் இருக்கின்றன. விதையோ தகவலோ தேடுகிறவர்கள் பழைய பெயர், புதிய பெயர் இரண்டிலும் தேட வேண்டியிருக்கும்.

அந்த நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஐந்து மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சஹேல் உழவரின் கைக்கு எட்டுகிறவையும், தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருகிறவையும் இவைதான். காவோ, ஹஷாப், தல்ஹ், எவோய், சுந்த் என்று அந்தந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது வேகமாக வளரும், எதற்கு விலை அதிகம் என்ற கேள்விகளை இரண்டாம் இடத்தில் வைக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது மாதக் கணக்கு. எந்த மாதத்தில் அந்த மரம் பயிரின் வெளிச்சத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறது? எந்த மாதத்தில் அது வீட்டாரின் உழைப்பைக் கேட்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். அந்தக் கணக்கில் சோறு விளைகிற நிலத்துக்குக் காவோவை மிஞ்ச வேறு மரம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மழையில் இலை உதிர்க்கும் காவோ

ஃபைதர்பியா ஆல்பிடா என்பது இதன் தாவரவியல் பெயர். நைஜரின் ஹவுசா மக்கள் காவோ என்கிறார்கள். செனகலின் வோலோஃப் மொழியில் காட், மாலியின் பம்பாராவில் பாலன்சான், சூடானில் ஹராஸ், மலாவியில் முசாங்கு. மாலியின் செகு நகரத்தை 4,444 பாலன்சான் மரங்களின் ஊர் என்பார்கள். அதற்கு மேலும் ஒரு மரம் உண்டாம், அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாதாம். ஒரு மரத்துக்கு இத்தனை மொழிகளில் பெயரும் கதையும் இருப்பதைப் பார்த்தாலே அதை மக்கள் எவ்வளவு நெருக்கமாக வைத்திருந்தார்கள் என்று புரியும்.

காவோவின் தனிக்குணம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய குணம். மழை தொடங்கி மற்ற மரங்கள் துளிர்க்கும்போது இது இலையைக் கொட்டிவிடும். மழை ஓய்ந்து ஊரெல்லாம் காயத் தொடங்கும்போது இது துளிர்க்கும். கோடை முழுக்கப் பச்சையாக நிற்கும். இதனால் நிலத்தில் நடப்பதைப் பாருங்கள். கம்பு விதைக்கிற நேரத்தில் மரத்தில் இலை இல்லை, ஆகவே அடியில் உள்ள பயிருக்கு வெயில் குறைவதில்லை. உதிர்ந்த தழை சரியாக விதைப்பு நேரத்தில் மண்ணில் விழுந்து மட்குகிறது. வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜன் சேர்கிறது. ஆணிவேர் ஆழத்து நிலத்தடி நீரைத் தேடிப் போய்விடுவதால் மேல்மண்ணின் ஈரத்துக்குப் பயிரோடு பெரிதாகப் போட்டியும் இல்லை.

கோடையில் இன்னொரு காரியம் நடக்கிறது. சுற்றிலும் நிழல் தரும் மரம் வேறு இல்லாததால் ஆடுமாடுகள் காவோவின் அடியில்தான் வந்து படுக்கும். சாணமும் மூத்திரமும் அங்கேயே சேரும். செனகலின் செரேர் மக்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்ததும் மாடுகளைக் காவோ மரங்கள் நிற்கும் வயலில் கட்டி, இடம் மாற்றி மாற்றிக் கிடை போடுவார்கள். நம் ஊரில் ஆட்டுக்கிடை போட்ட நிலத்தின் விளைச்சலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கிடைக்கு மேலே நிழலும் தீவனமும் கூடவே இருக்கின்றன.

செனகலின் பம்பே ஆராய்ச்சி நிலையத்தில் 1960களிலேயே இந்த மரத்தடிக் கம்பையும் திறந்தவெளிக் கம்பையும் ஒப்பிட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். மரத்தடியில் விளைச்சல் தெளிவாகக் கூடுதல். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே வளமான மண்ணிலும் உரம் நிறையப் போட்ட நிலத்திலும் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மண் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு மரத்தின் உதவி பெரிது. நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு உரம் வாங்க வழியில்லை என்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்குச் சாதகம். சாம்பியாவில் இதை 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில், ஹெக்டேருக்கு 100 மரம் என்ற கணக்கில் மக்காச்சோள நிலங்களில் வளர்க்கச் சொல்கிறார்கள். ஏரோ டிராக்டரோ இடையில் தாராளமாகப் போய்வரலாம்.

இதன் நெற்று ஆரஞ்சு நிறத்தில், ஆப்பிள் தோலை ஒரே சுருளாகச் சீவிப் போட்டது போல இருக்கும். புல் தீர்ந்துபோன நாட்களில் அது விழுவதால் ஆடுமாடுகளுக்கு அதைவிட நல்ல தீவனம் அந்த நேரத்தில் கிடைக்காது. ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பகுதியில் யானைகள் இதற்காகப் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை எட்டிப் பிடிக்கும். முள்கிளை வேலியாகும். பட்டைக் கஷாயத்தைக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுப்பார்கள். பஞ்ச காலத்தில் விதையைப் பல முறை வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மரம் மட்டும் மட்டம்தான். லேசானது, பூச்சி சீக்கிரம் விழும். உரல், மரச்சட்டி, தோணி என்று குடைந்து செய்யும் வேலைக்கு ஆகும், வீட்டு உத்தரத்துக்கு ஆகாது.

19ஆம் நூற்றாண்டில் நைஜரின் சிந்தர் பகுதியை ஆண்ட சுல்தான்கள் காவோவை வெட்டியவர்களுக்கு மிகக் கடுமையான தண்டனை விதித்ததாக அந்த ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு அரசு கம்பு வயலில் நிற்கும் மரத்துக்குக் காவல் போட்டது என்றால் அந்த மரத்தில்தான் நாட்டின் தானியம் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

சரி, குறை என்ன? முதலாவது, காலம். முதல் சில வருடங்கள் அது வேரை இறக்குவதிலேயே கழிக்கும், மேலே பார்த்தால் வளர்ந்த மாதிரியே தெரியாது. பயிரில் பலன் தெரியப் பத்து வருடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, நிலத்தடி நீர் எட்டாத இடத்தில் அது தேறாது. பாறை மேடு, மெல்லிய மண் என்றால் விட்டுவிடலாம். மூன்றாவது, கோடையில் பச்சையாக நிற்பதே அதற்கு வினை. வேறு தழை இல்லாத காலத்தில் மேய்ச்சல்காரர்கள் கிளையை முறித்து ஆட்டுக்குப் போடுவார்கள். அளவாக முறித்தால் மரம் தாங்கும். மொட்டையடித்தால் நெற்றும் இல்லை, நிழலும் இல்லை.

காசு தரும் ஹஷாப்

செனகாலியா செனகல் என்ற இந்தச் சிறிய முள்மரத்தின் பிசின்தான் உலகம் முழுக்க அரபுப் பிசின் என்று விற்கிறது. குளிர்பானத்தில் வாசனை எண்ணெய் பிரிந்து மிதக்காமல் வைப்பதும், மிட்டாயில் சர்க்கரை கட்டிதட்டாமல் பார்த்துக்கொள்வதும், நீர்வண்ணத்தைக் காகிதத்தில் ஒட்டவைப்பதும் இதுதான். பழைய எகிப்தில் ஓவிய வண்ணத்திலும் உடலைப் பதப்படுத்துவதிலும் இது சேர்ந்திருக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் பிசினில் ஏறக்குறைய 70 விழுக்காடு சூடானிலிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. கோர்டோஃபானின் எல் ஓபைத் நகரச் சந்தை அதன் மையம். 1997இல் அமெரிக்கா சூடான் மீது வணிகத் தடை போட்டபோதுகூட இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. அந்த அளவுக்குக் குளிர்பானத் தொழில் இதை நம்பியிருந்தது.

வெளியே போகிற பிசினைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் ஊருக்குள் இருக்கும் பயன் மறைந்துபோகிறது. சூடானின் கல்வா எனப்படும் குர்ஆன் பள்ளிகளில் பிள்ளைகள் மரப்பலகையில் எழுதும் மை, கரிப்புகைக் கரியையும் ஹஷாப் பிசினையும் குழைத்துச் செய்வது. பிசினைத் தண்ணீரில் கரைத்துச் சிறுநீரகக் கோளாறுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் குடிப்பார்கள். மேய்ப்பர்கள் அதை அப்படியே மென்று பசியாறுவார்கள். பட்டை நாரில் கயிறு திரிப்பதும், காய்ந்த விதையைச் சமைப்பதும் உண்டு.

இதை வளர்க்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோர்டோஃபானின் மணற்பாங்கான நிலத்தில் நாலைந்து வருடம் கம்பு, எள், நிலக்கடலை விதைப்பார்கள். மண் சலித்ததும் பயிரை நிறுத்தி ஹஷாபை வளரவிடுவார்கள். மரம் நாலைந்து வயதானதும் பிசின் எடுக்கத் தொடங்குவார்கள். பதினைந்து இருபது வயதில் பிசின் குறையும்போது மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டு, தேறிய மண்ணில் மறுபடி விதைப்பார்கள். தரிசாகக் கிடக்கும் வருடங்களிலும் வருமானம் வந்துகொண்டிருக்கும். மண்ணுக்கும் ஓய்வு, வீட்டுக்கும் காசு. இவ்வளவு நேர்த்தியான பயிர்ச்சுழற்சியை எந்த வேளாண் துறையும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் இப்போது மாதக் கணக்குக்கு வாருங்கள். ஹஷாப் மழைக்குத் துளிர்த்துக் கோடையில் இலை உதிர்க்கும் சாதாரண மரம். பக்கவேர்களும் தூரமாகப் படரும். பயிரோடு சேர்த்து அடர்த்தியாக வளர்த்தால் அதே மாதத்தில், அதே ஈரத்துக்குப் போட்டி. அதனால்தான் அந்த மக்கள் ஒரே நிலத்தில் பயிரையும் மரத்தையும் முறை வைத்து மாற்றுகிறார்கள். நிலம் அதிகமாக இருந்தவரை இது நன்றாகவே நடந்தது. மூன்று ஹெக்டேர்தான் மொத்தச் சொத்து என்றால் அதில் ஒரு பங்கைப் பதினைந்து வருடம் பயிரில்லாமல் விட அவர்களால் முடியுமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஹஷாபைத் தொட வேண்டும்.

இரண்டாவது கேள்வி ஆள். மழை முடிந்து மரம் இலை உதிர்க்கத் தொடங்கும் அக்டோபர், நவம்பரில் கீறல் போட வேண்டும். சொங்கி என்ற நீண்ட காம்புள்ள கருவியால் கிளையின் பட்டையைக் கொஞ்சம் குத்திக் கிளப்பி, ஒரு பட்டையாக உரித்து இழுப்பார்கள். உள்மரத்தில் காயம் படக்கூடாது. ஆழமாகக் கீறினால் மரம் நோயில் விழும், மேலோட்டமாகக் கீறினால் பிசின் வராது. கை பழகியவர் வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்தில் பிசின் உருண்டு திரளும். அதன்பின் பிப்ரவரி, மார்ச் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பொறுக்க வேண்டும். முள் கொழுக்கி போல வளைந்தது, துணியையும் தோலையும் பிடித்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் ஒரு மரத்தில் ஒரு பருவத்துக்குச் சராசரியாகக் கால் கிலோ கிடைக்கும். ஹெக்டேருக்கு 400 மரம் நின்றால் 100 கிலோ. கீறல் தொடங்கும் நேரமும் எள், நிலக்கடலை அறுவடை நேரமும் ஒன்றோடொன்று மோதும். இளவட்டங்கள் தங்கம் தோண்டவும் நகர வேலைக்கும் போய்விட்ட வீட்டில் ஹஷாப் மரம் கீறப்படாமலே நிற்கும்.

மூன்றாவது, விலை. சூடானில் ஷைல் என்றொரு கடன் முறை உண்டு. மழைக்காலத்தில் தானியம் தீர்ந்த வீட்டுக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். வரப்போகும் பிசினுக்கு அப்போதே அடிமாட்டு விலை பேசிவிடுவார். உலகச் சந்தையில் விலை ஏறினாலும் கீறியவர் கைக்கு அது வந்து சேராது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் கோர்டோஃபானையும் டார்ஃபூரையும் பிளந்துவிட்டது. பிசின் வண்டிகள் வழியில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கட்டிப் போகின்றன. இந்த நிலையில், சாட், நைஜீரியா, செனகல் போன்ற நாடுகளில் வாங்க ஆள் உள்ள ஊர்களில்தான் புதிதாக ஹஷாப் வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வருகிறது. கோர்டோஃபானில் ஏற்கெனவே நிற்கும் தோப்புகளை வெட்டாமல் காப்பாற்றினாலே இப்போதைக்குப் பெரிய காரியம்.

தல்ஹும் எவோயும்

தல்ஹ், அதாவது வசெல்லியா செயால், களிமண்ணின் மரம். ஹஷாபுக்கு மணல், தல்ஹுக்குக் களி, இப்படிச் சூடானின் நிலமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பட்டை சிவப்பாகவோ வெளிறிய பச்சையாகவோ, தொட்டால் மாவு ஒட்டும்படி இருக்கும். இதன் பிசினும் சந்தைக்குப் போகிறது, ஆனால் எளிதில் நொறுங்கும். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் வலு ஹஷாப் பிசினைவிடக் குறைவு, விலையும் குறைவு. ஒளியை ஹஷாப் பிசின் ஒரு பக்கமும் தல்ஹ் பிசின் எதிர்ப்பக்கமும் திருப்பும் என்பதால் கலப்படத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

தல்ஹின் உண்மையான மதிப்பு சூடானியப் பெண்களிடம் இருக்கிறது. தரையில் சிறு குழி தோண்டி, தணலில் தல்ஹ் கட்டையைப் போட்டு, போர்வையால் உடலை மூடி அந்தப் புகையில் உட்கார்வதைத் துக்கான் என்கிறார்கள். மணப்பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் அது மருந்து, அலங்காரம், சடங்கு எல்லாம். அதற்கான கட்டை சந்தையில் தனியாக விற்கிறது. விறகும் கரியும் வேண்டும், நிலம் கரிசல் மாதிரிக் களி என்றால் தல்ஹ் நல்ல தேர்வு. கம்பு வயலின் நடுவில் இதை வைக்க வேண்டாம்.

எவோய் வேறு உலகம். தட்டைக் குடை போன்ற, படங்களில் நாம் பார்க்கும் அந்த மரம்தான். வசெல்லியா டார்ட்டிலிஸ். நம் ராமநாதபுரம் பக்கத்துக் குடைவேலத்தைப் பார்த்தவர்களுக்குச் சாயல் தெரியும், ஆனால் இனம் வேறு. வறட்சியைத் தாங்குவதில் இந்த ஐந்தில் இதுதான் முதல். நைஜரின் தெனேரே பாலைவனத்தில் தன்னந்தனியாக நின்று வணிகக் கூட்டங்களுக்கு வழிகாட்டிய மரம் இதன் ஒரு வகைதான். 1938ஆம் ஆண்டு வாக்கில் அதன் அருகே கிணறு தோண்டியபோது 30 மீட்டருக்கும் கீழே அதன் வேர் நீரைத் தொட்டிருந்தது தெரிந்தது. 1973இல் ஒரு லாரி மோதி அது சாய்ந்தது. அதன் அடிமரம் இன்று நியாமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வடக்குக் கென்யாவின் துர்க்கானா மக்கள் ஆற்றோரத்து எவோய் தோப்புகளுக்கு எக்வார் என்ற உரிமை முறை வைத்திருக்கிறார்கள். இன்ன குடும்பத்துக்கு இந்தக் கரைத் துண்டு, அங்கே விழும் நெற்று அவர்கள் ஆட்டுக்கு. மற்றவர் மேய்க்க வேண்டுமானால் கேட்டுத்தான் போக வேண்டும். ஆடுகள் தின்னும் நெற்றின் விதை சாணத்தில் வெளிவந்து நன்றாக முளைக்கும் என்பதால் மேய்ச்சலே அங்கே விதைப்பு. நமது குடும்பத்துக்கு விதைப்பு நிலத்தைவிட ஆடு முக்கியம் என்றால், மழையும் 300 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால், வேறு யோசனையே வேண்டாம், எவோய்தான்.

சுந்த் என்பது நம் கருவேலம்

சூடானில் சுந்த், ஹவுசாவில் பகாருவா. வசெல்லியா நிலோட்டிகா என்ற இந்த மரத்தைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இதன் இந்தியத் துணை இனம்தான் நம் கண்மாய்களில் நிற்கும் கருவேலம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நாம் சொல்கிற அதே குச்சியை ஆப்பிரிக்காவிலும் பல் துலக்க ஒடிக்கிறார்கள். பிசின், பட்டை, நெற்று என்று பயன்களும் ஏறக்குறைய அதே வரிசை.

அங்கே இதன் பெரிய தொழில் தோல். நெற்றில் துவர்ப்பு மிகுதி. இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து அதில் ஆட்டுத்தோலைப் பதனிடுவார்கள். வட நைஜீரியாவின் கானோ, சொகோட்டோ பக்கத்துச் செம்மறித்தோலையும் வெள்ளாட்டுத்தோலையும் ஒட்டகக் கூட்டங்கள் சஹாராவைத் தாண்டிக் கொண்டுபோய், ஐரோப்பாவில் மொராக்கோ தோல் என்ற பெயரில் விற்றிருக்கின்றன. மரமும் உறுதி. ஐந்தாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்கு முன், எகிப்துக்குப் போன ஹெரோடோட்டஸ் அங்கே முள்மரத்தை இரண்டு முழப் பலகைகளாக அறுத்துச் செங்கல் அடுக்குவது போல அடுக்கிப் படகு கட்டியதை எழுதி வைத்திருக்கிறார். சூடானின் ரயில் பாதைக்குக் கட்டை கொடுத்ததும் நீல நைல் கரையின் சுந்த் காடுகள்தான். கார்த்தூமில் வெள்ளை நைல் கரையோரம் இருந்த சுந்த் காடு 2023இல் தொடங்கிய அந்தப் போரில் பெருமளவு விறகாகிப் போனது.

ஆனால் மாதக் கணக்கில் சுந்த் தோற்கிறது. மழைக்காலத்தில் அதன் தழை முழுதாக இருக்கும், நிழலும் அடர்த்தி. கம்பு வயலுக்குள் அதற்கு இடமில்லை. அதன் இடம் மற்ற எந்த மரமும் நிற்காத இடம். வெள்ளம் வந்து மாதக்கணக்கில் தேங்கும் ஆற்றோரத் தாழ்நிலம், குளத்தின் உட்புறம். தமிழ்நாட்டில் வனத்துறை கண்மாய்களில் கருவேலத்தை வைத்ததும் இதே காரணத்துக்காக. குடும்பத்தின் நிலத்தில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் அங்கே சுந்த் வைக்கலாம். ஏருக்கும் கைப்பிடிக்கும் விறகுக்கும் அது போதும்.

நடுவதா, முளைத்ததைக் காப்பதா

எந்த மரம் என்று முடிவான பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. பெரும்பாலான திட்டங்கள் நாற்றங்காலில்தான் தொடங்குகின்றன. விதையின் ஓடு கடினம், வெந்நீரில் போட்டோ ஓரத்தைச் சீவியோ ஊறவைக்க வேண்டும். சரி, அது எளிது. பிளாஸ்டிக் பையில் காவோ கன்றை வைத்தால் அதன் ஆணிவேர் சீக்கிரமே பையின் அடியைத் தொட்டுச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட கன்று, தண்ணீரைத் தேடி இறங்க வேண்டிய முதல் கோடையிலேயே தோற்றுப்போகும். மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும். சஹேலில் நட்ட கன்றுகளில் பிழைத்தவை எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் மனம் வலிக்கும்.

நைஜரின் மராடியில் 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் இதே தோல்வியைப் பார்த்துவிட்டுத்தான் வேறு வழிக்கு வந்தார். வயலில் புதர் மாதிரித் தெரிந்தவை முன்பு வெட்டிய மரங்களின் உயிருள்ள தூர்கள். வருடா வருடம் விதைப்புக்கு முன் உழவர்கள் அதை வெட்டி எரித்துவந்தார்கள். அதில் நல்ல நாலைந்து துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழித்து, பக்கக் கிளையைக் கவாத்து செய்தால் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் மரம் வேகமாக எழும்பும். ஹவுசாவில் இதற்குச் சஸ்ஸாபின் ஸமானி என்று பெயர் வந்தது. மராடியிலும் சிந்தரிலும் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இப்படி மரம் கூடியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் பின்னர் காட்டின. சிந்தர் பக்கம் எழும்பியவற்றில் முன்னிற்பது காவோ. ரினாடோவுக்கு 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இவ்வளவு நிலத்தில் உழவர்களே பார்த்துப் பார்த்துப் பின்பற்றினார்கள் என்பது.

இது பரவியதற்கு உரிமை ஒரு முக்கியக் காரணம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற சட்டப்படி வயலில் நிற்கும் மரமும் அரசுக்கே சொந்தமாக இருந்தது. கிளை வெட்டினால் அபராதம். அப்படியிருக்கும்போது முளையிலேயே கிள்ளிவிடத்தான் யாருக்கும் தோன்றும். அதிகாரிகள் அந்தப் பிடியைத் தளர்த்தி, உன் வயலின் மரம் உனக்கு என்று விட்ட பிறகே மக்கள் துணிந்து மரத்தை வளர்த்தார்கள். ஆகவே எந்த ஊரானாலும் விதை தேடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளையை வெட்ட யாருக்கு உரிமை? அறுவடைக்குப் பின் வயலுக்குள் வரும் ஃபுலானி மேய்ப்பர்களோடு நெற்றைப் பற்றியும் தழையைப் பற்றியும் என்ன பேச்சு? மேய்ப்பரை விரட்டிவிட்டால் சாணமும் போய்விடும். எவ்வளவு கிளை, எந்த மாதம் வரை என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி வைப்பதே நல்லது.

எந்த நிலத்துக்கு எது

கிணற்றில் தண்ணீர் எட்டும் ஆழத்தில் இருக்கிறது, கம்பும் சோளமும்தான் வாழ்வாதாரம், நிலம் குறைவு என்றால் வயல் முழுக்கக் காவோ. நிலம் கொஞ்சம் தாராளம், மண் மணல், வீட்டில் குளிர்காலத்தில் ஆள் இருக்கிறது, முன்பணம் வாங்காமல் விற்க ஒரு சங்கமோ நம்பகமான வியாபாரியோ இருக்கிறது என்றால், சலித்துப்போன ஒரு துண்டில் ஹஷாப். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அதைத் தள்ளி வைக்கலாம். இரண்டையும் ஒரே துண்டில் கலப்பதில் பலன் இல்லை. களியில் தல்ஹ், மேய்ச்சல் நிலத்தில் எவோய், பள்ளத்தில் சுந்த்.

வேலிக்கும் விறகுக்கும் சீக்கிரம் வளரும் மரம் ஒன்று இருக்கிறதே என்று யாராவது சீமைக் கருவேலத்தைக் காட்டினால் மறுத்துவிட வேண்டும். சூடானுக்கு அது 1917இல் கொண்டுவரப்பட்டது. கிழக்கே காஷ், தோக்கர் பாசன நிலங்களை மூடியது. கென்யாவின் பாரிங்கோவில் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்தது, அதன் இனிப்பு நெற்றைத் தின்று ஆடுகளின் பல் கொட்டியதாக மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். வேலமரத்தின் சாயலில் இருந்தாலும் காவோ செய்யும் எதையும் அது செய்யாது.

முடிவெடுத்த குடும்பம் முதல் வருடம் செய்ய வேண்டியது சொற்பம்தான். மே மாதத்தில், விதைப்புக்கு நிலத்தைச் சுத்தம் செய்யும் முன், வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்க வேண்டும். கோடையின் உச்சத்திலும் பச்சை இலையோடு நிற்கும் சிறு முள்துளிர்கள் காவோவாக இருக்க அதிக வாய்ப்பு. ஏறக்குறைய பத்து மீட்டருக்கு ஒன்று என்று தேர்ந்து, பக்கத்தில் ஒரு கொம்பு ஊன்றித் துணி கட்டிவிட வேண்டும். களையெடுப்பவர்களுக்கும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிச் சொல்லி வைக்க வேண்டும். சுற்றிலும் முள் வைத்துவிட்டு, மழை வந்ததும் வழக்கம்போலக் கம்பை விதைக்கலாம்.